தப்பு எழுதும் கணவர், தேர்வு எழுதும் மனைவி

தப்பு செய்து, மாட்டிக்கொண்டு, வேலையை இழந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். தப்பு செய்து, அதைக் குறித்த நேரத்தில் ஒப்படைத்து, மாதம் முடிந்ததும் சம்பளம் வாங்கிக்கொண்டு தலைநிமிர்ந்து வீடு திரும்பியவர் நமக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவரை மையத்தில் எல்லோரும் நாலுதப்பு சார் என்று அழைத்தார்கள். மரியாதையாகத்தான்.

மையம் என்றால் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம். கீழே செருப்புக் கடை, முதல் மாடியில் பல் மருத்துவர், இரண்டாம் மாடியில் மையம். படியேறி வரும் மாணவர்கள் முதல் மாடியைக் கடக்கும்போது உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்கும். இரண்டாம் மாடிக்கு வந்ததும் அதே அலறலை அவர்களே எழுப்புவார்கள். அங்கேதான் நம்மவரின் தொழிற்கூடம் இருந்தது.

மேலாண்மைப் படிப்புக்கான தேர்வில் வாக்கியத் திருத்தம் என்று ஒரு பகுதி உண்டு. ஒரே செய்தியை ஐந்து விதமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒன்று சரி, நாலு தப்பு. சரியானதைக் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். மையத்தின் பயிற்சித் தாள்களுக்கு அந்தச் சரியான ஒன்றை எழுதித் தர ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. மிச்சம் நாலும் நம்மவர் பொறுப்பு.

"டீச்சரம்மா ஒண்ணு எழுதறாங்க, நான் நாலு எழுதறேன். ஆனா சுத்துற நாற்காலி யாருக்கு? அவங்களுக்கு. எனக்கு ஆடுற நாற்காலி" என்று அவர் அவ்வப்போது நியாயம் கேட்பார். நாற்காலி விஷயத்தில் இயக்குநர் ஆவன செய்வதாகச் சொல்லிப் பல காலம் ஆகிறது.

தொழிலில் அவருக்குக் கொள்கைகள் இருந்தன. பார்த்தவுடன் தப்பு என்று தெரிகிற தப்பை எவனும் எழுதுவான் என்பார். நல்ல தப்பு என்பது தலையைப் படிய வாரி, காலணிக்கு மெருகு போட்டு, கையில் ஃபைலோடு வர வேண்டும். அதைப் பார்த்தால் மாணவன் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். அப்படி அவர் பெற்றெடுத்ததில் தலைச்சன் பிள்ளை இது: "மேசை மேல் ஏறி மீன் முழுவதையும் தின்றுவிட்டு, என் மனைவி பூனையை வெளியே துரத்தினாள்."

இந்த வாக்கியத்தின்படி மேசை மேல் ஏறியது மனைவி. மீனைத் தின்றதும் மனைவிதான். பூனை நிரபராதி. ஆனால் வகுப்பில் பெரும்பாலோர் இதையே சரியென்று குறித்தார்கள். அந்த முடிவு அறிவிக்கப்பட்டபோது நம்மவர் வராந்தாவில், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில், உள்ளே எழுந்த 'ஐயோ'க்களைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சேரி ரசிகர்கள் தலையாட்டுவது போல் தலையும் ஆடியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இத்தனை சரக்கு இவருக்கு எங்கிருந்து வருகிறது என்று மையத்தில் வியந்தார்கள். வீட்டுக்கு ஒருநாள் வந்து பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் அவருடைய பேச்சில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாக நடக்கும். பால் பொங்கியிருக்கும். குடை பேருந்தில் தங்கிவிட்டிருக்கும். கதவு திறந்தே இருக்க முடிவு செய்திருக்கும்.

"என்னங்க, துணியெல்லாம் நனைஞ்சு கிடக்கு? மழை வந்தா எடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"எடுக்கணும்கிற எண்ணம் இருந்துச்சும்மா. ஆனா மழை வந்த வேகத்துல, துணி எடுக்கப்படுறதுக்கான ஒரு சூழ்நிலை அமையலை."

"அந்தச் சூழ்நிலை எந்த சோபாவுல படுத்திருந்துச்சு?"

இப்படிக் கேட்ட மனைவியார், லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தார். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும் முதலில் ஒலிப்பது அவர் மேசைத் தொலைபேசிதான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஆறுதல் சொல்வார். அடுத்த நொடி மெக்கானிக்கைக் கூப்பிட்டு வேறு குரலில் பேசுவார். இரண்டும் ஒரே தொண்டை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் சர்வீஸ் மேலாளர் ஓய்வு பெறும் காலம் வந்தது. முதலாளி மனைவியாரை அழைத்தார்.

"நீங்க அந்த மாலைநேர மேலாண்மைப் படிப்புல சேர்ந்துட்டீங்கன்னா அந்த நாற்காலி உங்களுக்குத்தான்மா. சேரலைன்னா, நம்ம மாப்பிள்ளை சும்மாதான் இருக்கார்."

மாப்பிள்ளை சும்மா இருந்தவரைக்கும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆலோசகர் என்ற பெயரில் அவர் அலுவலகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மேல் அம்புக்குறி, கீழ் அம்புக்குறி இரண்டையும் சேர்த்து அழுத்துவார். கேட்டால், "லிஃப்ட் மேல இருக்கு, அது கீழ வரணும். நான் கீழ இருக்கேன், நான் மேல போகணும். ரெண்டும்தானே வேணும்?" என்பார். லிஃப்ட் கம்பெனியில் பெண்ணெடுத்தவர் இவர்.

"அந்த ஆளுக்குக் கீழ வேலை பார்க்கிறதுக்கு, கம்பி அறுந்த லிஃப்டுல குடித்தனம் பண்ணலாம்" என்று மனைவியார் அன்றைக்கே தேர்வுக்கு விண்ணப்பித்தார்.

கணக்குப் பகுதியில் அவருக்குப் பயமில்லை. பயமெல்லாம் வாக்கியத் திருத்தத்தில்தான். பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பு மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த வகுப்பாக இருந்தது. அதில் அவர் கற்றது உட்கார்ந்தபடியே தூங்கும் வித்தை மட்டும்தான்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கணவர். மணவாழ்க்கையில் இந்தக் கேள்வியை அதுவரை மனைவியார்தான் கேட்டிருந்தார்.

மறுநாளே மையத்தின் பயிற்சித் தாள்கள் வீட்டுக்கு வந்தன. மனைவியார் காலையில் அடுப்பில் தேநீர் கொதிக்கிற நேரத்தில் சமையல் மேடையிலேயே தாளை விரித்து, நின்றபடி பென்சிலால் அடித்துக்கொண்டே போனார். நம்மவர் பெருமூச்சோடு சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த உட்கார்ந்தார். பேனாவுக்கு வேலையே இல்லை. எல்லாம் சரி.

"பூனை வாக்கியத்தை நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன். தப்பு."

"எதனால தப்பு?"

"தப்பா இருக்கறதால தப்பு. நகருங்க, டிபன் பாக்ஸ் கட்டணும்."

ஒரு வகுப்பையே கவிழ்த்த வாக்கியம், டிபன் பாக்ஸ் மூடிக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. நம்மவருக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. மையத்துக்குப் போய் இன்னும் பொல்லாத தப்புகளை வடித்தார். அவற்றுக்குக் கோட்டு மாட்டி, கழுத்துப்பட்டியும் கட்டி அனுப்பினார். மனைவியார் அவற்றையும் கறிவேப்பிலை ஒதுக்குவதுபோல் ஒதுக்கினார்.

செய்தி இயக்குநர் காதுக்கு எட்டியது. "சார், உங்க வீட்டம்மாவை நம்ம சுவரொட்டியில போட்டுடலாம். 'எங்கள் மாணவி'ன்னு பெரிசா ஒரு வரி. படம் மட்டும் சிரிச்ச மாதிரி வேணும்" என்றார்.

"சிரிச்ச மாதிரி படம் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்ததுதான் சார் இருக்கு" என்றார் நம்மவர்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, மகள் வாயைத் திறக்கிறவரைக்கும். கல்லூரியில் முதலாண்டு படிக்கிற அவள், ஒரு காலையில் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எப்படிம்மா? எனக்கே இதுல பாதி பிடிபடலை."

"ரொம்ப சுலபம்டி. ஒவ்வொண்ணா வாசிப்பேன். எதெல்லாம் உங்கப்பா சாக்கு சொல்ற மாதிரி இருக்கோ, அதையெல்லாம் அடிச்சிடுவேன். நாலு போயிடும். மிச்சம் ஒண்ணுதானே?"

குளியலறை வாசலில் நம்மவர் நின்றிருந்தார். வாயில் பற்பசை நுரை, கையில் தூரிகை.

"அடிப்பாவி! நிஜத் தேர்வுல தப்பையெல்லாம் நான் எழுதித் தரப்போறதில்லையே!" என்று கத்தினார். நுரை கண்ணாடி வரைக்கும் போயிற்று.

மனைவியார் பென்சிலைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். "ஆமாங்க" என்றார். அவர் முகம் அப்படி வாடி வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

சோதித்துப் பார்ப்பதற்காக நம்மவர் எதிர்த்தெரு மையத்தின் தாள் ஒன்றை, போட்டிக் கம்பெனிச் சரக்கு என்பதால் சட்டைக்குள் ஒளித்து, கொண்டுவந்தார். மனைவியார் அதில் பாதியைக் கோட்டைவிட்டார்.

"எவ்வளவு தேடினாலும் நீங்க இதுல இல்லீங்க."

நம்மவர் தாளைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்க்காத குறையாக ஆராய்ந்தார். பிறகு நிபுணரின் தீர்ப்பு வந்தது. "அங்க தப்பு எழுதறவன் சின்னப் பையன். தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். இது பூரா கல்யாணம் ஆகாத தப்பும்மா. யாருக்கும் பதில் சொல்லித் தப்பிக்க வேண்டிய அவசியம் இல்லாதவன் எழுதினது."

சரி, இலக்கணத்தையே முறையாகக் கற்பித்துவிடுவோம் என்று மகளின் பழைய வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்தார். ஒரு வாக்கியம் எழுதினார். அது எப்படித் தப்பு என்று விளக்கினார். இன்னொன்று எழுதினார். அதுவும் தப்பு. பலகை நிறைந்தது.

"அப்ப இதுல சரியா எழுதறது எப்படிங்க?"

நம்மவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அது டீச்சரம்மா டிபார்ட்மென்ட்" என்றார்.

ஆடுகிற நாற்காலிக்காரர் தன்மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சுற்றுகிற நாற்காலியின் முன்னால் போய் நின்றார். டீச்சரம்மா முழுக் கதையையும் கேட்டுச் சிரிக்காமல் இருந்தது அவருடைய பல்லாண்டுப் பணியனுபவத்தைக் காட்டியது.

"உங்க வீட்டம்மாவுக்குக் காது நல்ல காது சார். அதுல விழறதுதான் சரியில்லை. ஒரு வாரம் வீட்ல நேரா பேசுங்க."

"நேரான்னா?"

"செஞ்சது யாருன்னு முதல்ல சொல்லுங்க. என்ன செஞ்சார்னு கடைசியில சொல்லுங்க. நடுவுல வானிலை அறிக்கை வேண்டாம்."

மறுநாள் காலை வீட்டில் பால் வாசனை வந்தது. நம்மவர் சமையலறையிலிருந்து வெளியே வந்து, தொண்டையைச் செருமி, அறிவித்தார்:

"நான் பாலைப் பொங்க விட்டுட்டேன்."

மகள் வந்து அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "அம்மா, சுடலை. ஆனா ஏதோ ஆயிருக்கு."

நேராகப் பேசுவதில் ஒரு சிக்கல் இருப்பதை டீச்சரம்மா சொல்லியிருக்கவில்லை. அணையில் ஒரு மதகைத் திறந்தால் இந்த வருஷத்துத் தண்ணீர் மட்டும் வருமா? பழைய தண்ணீரும் வரும். வந்தது.

"உன் தம்பி கல்யாண ஆல்பத்துல நான்தான் டீயைக் கொட்டினேன்."

"சுவர்ல ஈரம் கசிஞ்சுச்சுன்னு சொன்னீங்களே!"

"நான் பொய் சொன்னேன்."

"ஐயோ, அதுக்காகக் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து அந்தச் சுவரையே இடிச்சுப் பூசினோமேங்க!"

"அந்தக் கொத்தனார்கிட்டயும் நான் பொய் சொன்னேன்."

வாரக் கடைசியில் பெரியது வந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அன்னிக்கு மீனைத் தின்னது பூனை இல்லை. நான்."

மனைவியார் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். நேராக அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த மீனுக்காக அவர் நிஜமாகவே துரத்திவிட்ட பூனை அங்கேதான் மாடிப்படியில் குடியேறியிருந்தது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடுடா ராஜா" என்றார். ராஜா கொட்டாவி விட்டது. மனைவியார் திரும்பி வந்து கணவரிடம் சொன்னார்:

"போதும் சாமி. இனி பழையபடியே பேசுங்க. இன்னொரு உண்மை வெளிய வந்துச்சுன்னா, நான் தேர்வு எழுதப் போகமாட்டேன். வக்கீலைப் பார்க்கத்தான் போவேன்."

மறுநாள் அதே கோபத்தோடு அலுவலகம் போனார். முதல் தொலைபேசி, கம்பெனியின் மூத்த மெக்கானிக். எல்லோருக்கும் அவர் பெரியவர்.

"மேடம், மோட்டாரைக் கழட்டிப் பார்த்து, எண்ணெய் போட்டுட்டு, லிஃப்ட் மூணாவது மாடியில நின்னுடுச்சு."

எழுதப்போன மனைவியாரின் கை நின்றது. "மோட்டாரைக் கழட்டினது லிஃப்டா?"

"இல்ல மேடம், நான்."

"எண்ணெய் போட்டது?"

"அதுவும் நான்தான். ஆனா நின்னது லிஃப்ட்."

அடுத்து, புதிதாகச் சேர்ந்த சின்னவன். அவனும் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவன்தான். "மேடம், கதவும் பூட்டும் புதுசு போட்டாச்சு, அது மட்டும் மூட மாட்டேங்குது."

"எதுடா? கதவா, பூட்டா?"

"அதுதான் மேடம்."

மூன்றாவதாக மாப்பிள்ளையின் சுற்றறிக்கை வந்தது. 'ஏற்கெனவே முன்னரே முன்கூட்டித் தெரிவித்தபடி, மீண்டும் மறுபடியும் ஒருமுறை நினைவூட்டுகிறேன்' என்று தொடங்கிய அது, எதை நினைவூட்டுகிறது என்பதைச் சொல்லாமலே முடிந்தது.

மனைவியார் நாற்காலியில் சாய்ந்தார். கைப்பையைத் திறந்து, எதிர்த்தெரு மையத்துத் தாளை எடுத்தார். முதல் கேள்வி. இரண்டாவது விடையைப் பார்த்தார். "அட, சின்னவன்!" மூன்றாவது, பெரியவர், எண்ணெய்க் கையோடு. ஐந்தாவதில் மாப்பிள்ளை இரண்டு அம்புக்குறியையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். நாலாவதில் யாருமே இல்லை. அதைக் குறித்தார். முதலாவதை மறந்துவிட்டோமே என்று திரும்பிப் போனால், அங்கே கணவர் சோபாவில் படுத்திருந்தார்.

இத்தனை நாள் ஒரே ஆளைத் தேடியதுதான் தப்பு. கூட்டம் பெரியது.

அன்று மாலை வீட்டில் எதிர்த்தெருச் சரக்கு முழுவதும் பலியானது. நம்மவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு? இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தும்போது, "அப்ப தப்பு எழுதறதுல நான் மட்டும் இல்ல" என்று அவருக்கு ஓர் ஆறுதலும், உடனே "அப்ப நான் மட்டும் இல்லையா?" என்று ஒரு வருத்தமும் உண்டாயின.

தேர்வு நாளன்று நம்மவர் வாசலில் காத்திருந்தார். உள்ளே இருப்பவர்களைவிட வெளியே இருப்பவருக்கு அதிகமாக வியர்த்தது. மனைவியார் வெளியே வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எல்லாரும் வந்திருந்தாங்க."

"யாரு?"

"நீங்க, பெரியவர், சின்னவன், மாப்பிள்ளை. கேள்விக்குக் கேள்வி நாலு பேரும் வரிசையா நின்னீங்க. நிக்காத இடத்தைக் குறிச்சிட்டு வந்துட்டேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சேர்த்துக்கொண்டார். "ஒண்ணுலதான் தடுமாறிட்டேன். மூணு போயிடுச்சு, ரெண்டு மிச்சம். ரெண்டுமே உங்க குரல்லதான் கேட்குது. ஒண்ணு வழக்கம்போல இழுத்துச் சுத்தி வளைச்சு. இன்னொண்ணு சின்னதா, நேரா. உங்க குரல்னா தப்பாத்தான் இருக்கும்னு ரெண்டையும் அடிக்கப் போனேன். அப்புறம்தான் மீன் ஞாபகம் வந்துச்சு."

"மீனா?"

"'நான்'னு சொன்னீங்களே அன்னிக்கு, தட்டைப் பார்த்துக்கிட்டு. அந்தக் குரல்தான் அது. அதைக் குறிச்சேன்."

நம்மவர் அன்று பேருந்தில் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

முடிவு வெளியான காலையில் அவர் அடுப்பின் முன்னால், பாலுக்குக் காவலாக நின்றிருந்தார். மகள் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலிருந்து மனைவியார் வந்தார். கையில் செல்பேசி. புடவைத் தலைப்பை எதற்கோ இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். மாட்டிக்கொண்டவர்களையும் மெக்கானிக்குகளையும் ஒரே தொண்டையால் ஆண்ட அந்தக் குரல், புதுமணப்பெண் குரல் போல் வந்தது.

"ஏங்க. சீட் கிடைச்சிருக்காம்."

நம்மவர் திரும்பினார். மகிழ்ச்சியில் குதிப்பார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவரோ மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தொழில்முறைக் கண்ணோடு மனைவியாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்பு" என்றார்.

"என்னது?"

"யாருக்குக் கிடைச்சுது? கிடைக்கிற மாதிரி செஞ்சது யாரு? ரெண்டும் இல்ல. 'கிடைச்சிருக்காம்'னா, யாரோ தெருவுல போட்டுட்டுப் போனதை யாரோ எடுத்த மாதிரி இருக்கு. இது நான் எழுதற வாக்கியம்மா. அடிச்சிட்டு வேற சொல்லு."

"சும்மா இருங்க, வெட்கமா இருக்கு."

"மிச்சமிருக்கிற அஞ்சாவது விடை என்னம்மா?" என்று மகளும் சேர்ந்துகொண்டாள்.

மனைவியார் தலைப்பை விட்டார். நிமிர்ந்தார்.

"நான் படிச்சேன். நான் எழுதினேன். நான் ஜெயிச்சேன்! போதுமா? இனிமே அந்த மாப்பிள்ளை எனக்குக் கீழே!"

கடைசி வாக்கியம் கேள்வித்தாளில் இல்லை என்றாலும் நம்மவர் அதற்கும் முழு மதிப்பெண் போட்டார். மூவரும் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுப் பூனை மாடிப்படியிலிருந்து எழுந்து வந்து, நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் தலையை நீட்டிப் பார்த்தது.

அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. யார் பொங்க விட்டார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த பாலைப் பூனைக்கு ஊற்றினார்கள்.